ஆல்ஜிப்ரா 1 ஏழாவதுலயா, எட்டாவதுலயா, ஒன்பதாவதுலயா: அமெரிக்காவுல மிடில் ஸ்கூல் பசங்களுக்கு எந்த மேத்ஸ் பாதை?

பிப்ரவரி மார்ச் ஆனா போதும், இங்க அஞ்சாவது ஆறாவது படிக்கிற பசங்க இருக்குற நம்மாளுங்க வீட்டுல எல்லாம் ஒரே பேச்சுதான், அடுத்த வருஷம் ரெகுலர் மேத்ஸா அட்வான்ஸ்டா, பிளேஸ்மெண்ட் டெஸ்ட் எழுத வைக்கலாமா வேண்டாமா, அவங்க பையன் ஏழாவதுலயே ஆல்ஜிப்ரா 1 எடுக்குறானாமே நம்ம பொண்ணு பின்தங்கிடுவாளோன்னு. எங்க வீட்டுலயும் இந்த வருஷம் இதேதான் ஓடுச்சு. என் பொண்ணு ஆறாவது, நாங்க கலிஃபோர்னியா. தம்பி பையனுக்கும் அதே வயசு, அவங்க டெக்சாஸ். ரெண்டு மாநிலத்து ரூல்ஸையும் பக்கத்து பக்கத்துல வச்சு படிச்சு, நிறைய பேர்கிட்ட பேசி, எனக்கு தெளிவானதை இங்க எழுதுறேன். என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன்: எந்த வயசுல ஆல்ஜிப்ரா எடுக்குறாங்கன்னு பாக்குறதுக்கு முன்னாடி, அதுக்கு முந்தின ஏழாவது எட்டாவது பாடத்தை முழுசா படிச்சுட்டு எடுக்குறாங்களா, தாண்டிட்டு எடுக்குறாங்களான்னு பாருங்க. நான் பார்த்த வரைக்கும் பாதி சண்டை அதுலயே தீர்ந்துடுது.

பாதை எப்படி போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை சொல்லிடுறேன், ஏன்னா ஊர்ல படிச்ச நமக்கு இது புதுசு. தமிழ்நாட்டுல கணக்குன்னா ஒரே பாடம், அதுக்குள்ளயே எண்கள், இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகும், ஆறாவதுலயே x வந்துடும், பதினொண்ணுல மேத்ஸ் க்ரூப் எடுத்தா லிமிட், டிஃபரென்ஷியேஷன், இன்டக்ரேஷன் எல்லாம் வந்துடும். இங்க ஹை ஸ்கூல்ல பெரும்பாலான இடத்துல வருஷத்துக்கு ஒரு கோர்ஸ்: ஒன்பதாவது ஆல்ஜிப்ரா 1, பத்தாவது ஜியாமெட்ரி, பதினொண்ணு ஆல்ஜிப்ரா 2, பன்னெண்டு ப்ரீகால்குலஸ். இந்த ரெகுலர் வரிசையிலயே போனா ஸ்கூல் முடியற வரைக்கும் கால்குலஸ் கிடையாது. அதைப் பார்த்ததும் நமக்கு பகீர்னு ஆகுது, நாங்கல்லாம் பதினொண்ணாவதுலயே போட்டோமேன்னு. ஆனா யோசிச்சு பாருங்க, ஊர்லயும் அது எல்லா பிள்ளைக்கும் கிடையாது, பத்தாவது முடிச்சு க்ரூப் பிரிச்சப்புறம் கணக்கு எடுத்தவங்களுக்கு மட்டும்தான். அங்க பதினஞ்சு வயசுல நடக்குற அந்த பிரிப்பு இங்க பதினொரு வயசுலயே சத்தமில்லாம ஆரம்பிச்சுடுது. அதனாலதான் பெத்தவங்களுக்கு இது இவ்ளோ பெரிய விஷயமா தெரியுது, அதுல தப்பும் இல்ல.

இப்ப நம்ம முன்னாடி இருக்குற வழிங்க. ரெகுலர்ல விடுறது ஒண்ணு. ஒரு வருஷம் முன்னாடி போறது, அதாவது எட்டாவதுல ஆல்ஜிப்ரா 1 எடுத்து பன்னெண்டாவதுல ஏபி கால்குலஸ் (ஏபின்னா ஹை ஸ்கூல்லயே எடுக்குற காலேஜ் லெவல் கோர்ஸ்) எடுக்குறது ஒண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி போறது, ஏழாவதுல ஆல்ஜிப்ரா 1, எட்டாவதுல ஜியாமெட்ரி, பதினொண்ணாவதுல கால்குலஸ். இது தவிர ஸ்கூல்ல வேகத்தை மாத்தாம வெளியில ஆழமா படிக்க வைக்கிறதுன்னு ஒரு வழி இருக்கு, அதை யாரும் சரியா கணக்குல எடுத்துக்குறதே இல்லன்றது என் வருத்தம், அதுக்கு அப்புறம் வரேன்.

முன்னாடி போறதுலயே ரெண்டு விதம் இருக்கு, ரெண்டையும் அட்வான்ஸ்டுன்னுதான் சொல்லுவாங்க, அதான் குழப்பம். ஒண்ணு மூணு வருஷப் பாடத்தை ரெண்டு வருஷத்துல சுருக்கி நடத்துறது, மேத் 6, 7, 8 மூணையும் ஆறாவது ஏழாவதுலயே முடிச்சுடுவாங்க, எதையும் விட மாட்டாங்க, வேகம் மட்டும் ஒண்ணரை மடங்கு. இன்னொண்ணு ஒரு டெஸ்ட் வச்சு அதுல பாஸானா ஒரு வருஷத்தை அப்படியே தாண்டி விடுறது. தாண்டுறது நேரம் மிச்சம்னு தோணும். ஆனா மேத் 8-ல என்ன இருக்குன்னு திறந்து பாருங்க. காமன் கோர்ல (நிறைய மாநிலங்களுக்கு பொதுவான பாடத் தரம்) எட்டாவது பாடம் சும்மா ரிவிஷன் கிடையாது, ஸ்லோப், நேர்கோட்டு சமன்பாடு, ரெண்டு சமன்பாட்டை சேர்த்து தீர்க்குறது, ஃபங்ஷன்னா என்ன, அடுக்கு விதிங்க, பித்தகோரஸ், விகிதமுறா எண்கள், ஜியாமெட்ரிக்கு அடிப்படையான உருமாற்றங்கள் எல்லாம் அங்கதான் வருது. முன்னாடி காலத்துல ஆல்ஜிப்ரா 1-ல இருந்த கணிசமான பாகம் 2010-க்கு அப்புறம் எட்டாவதுக்கு இறங்கி வந்துடுச்சு. இப்ப இருக்குற ஆல்ஜிப்ரா 1 அதெல்லாம் தெரியும்னு நம்பி சீக்கிரமே குவாட்ராடிக், எக்ஸ்பொனென்ஷியல்னு போயிடுது. பத்து வருஷத்துக்கு முன்னாடி பெரியவன் தாண்டுனானே ஒண்ணும் ஆகலையேன்னு சொல்றவங்க இதை கவனிக்கணும். மேத் 7-ஐ தாண்டுறது இன்னும் மோசம்னு நினைக்கிறேன், நெகட்டிவ் எண்கள், விகிதம், சதவீதம், நிகழ்தகவு எல்லாம் அதுலதான் உக்காந்திருக்கு, அது இல்லாம அதுக்கு மேல எதுவுமே நிக்காது.

அந்த ஓட்டை உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. ஆல்ஜிப்ரா 1-ஐ புத்திசாலிப் பிள்ளைங்க ஸ்டெப்ஸை மனப்பாடம் பண்ணியே ஏ வாங்கிடுவாங்க. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஆல்ஜிப்ரா 2-ல 1/x + 1/(x+2) கூட்டுன்னு வரும்போது 2/(2x+2)-ன்னு எழுதுவாங்க. அது ஆல்ஜிப்ரா தப்பே இல்ல, 1/2 + 1/3 = 2/5-ன்னு எழுதுற அஞ்சாவது கிளாஸ் தப்பு, ஏன் பொது பகுதி எடுக்குறோம்னு ஒரு நாளும் உக்காந்து புரிஞ்சுக்கல, நேரம் இல்ல, அடுத்த பாடம் வந்துடுச்சு. அந்த வயசுல ஹை ஸ்கூல் ஜிபிஏ (கிரேடு சராசரி), மத்த ஏபி கோர்ஸ்னு எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது திரும்பி வந்து பின்னத்தை யார் சொல்லிக் கொடுப்பா. பதினாறு வயசுல "எனக்கு மேத்ஸ் வராது"ன்னு ஒரு பிள்ளை முடிவு பண்ணிடுது, அஞ்சாவதுல கணக்குன்னா துள்ளிக்கிட்டு வந்த பிள்ளை. எனக்கு மனசு கஷ்டமா இருக்குறது இதுலதான்.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு கேட்டா ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒண்ணு எடுத்து வீசுவாங்க. வட கரோலினாவுல ஷார்லட்-மெக்லன்பர்க் டிஸ்ட்ரிக்ட்ல 2000-களோட தொடக்கத்துல நடுத்தரமா மார்க் வாங்குற பசங்களையும் பெரிய எண்ணிக்கையில எட்டாவதுலயே ஆல்ஜிப்ராவுக்கு ஏத்துனாங்க. அப்புறம் அந்த டேட்டாவை எடுத்து டியூக் யூனிவர்சிட்டி பொருளாதாரக்காரங்க பார்த்தப்போ, அப்படி ஏத்தின பசங்க ஆல்ஜிப்ரா பரிட்சையிலயே குறைவா எடுத்ததும் இல்லாம, அடுத்து வர்ற ஜியாமெட்ரி, ஆல்ஜிப்ரா 2-வை நேரத்துல முடிக்கிற வாய்ப்பும் குறைஞ்சிருந்துச்சு. இன்னொரு பக்கம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜூலியன் ஸ்டான்லி 1971-ல ஆரம்பிச்ச ஆய்வு, 12, 13 வயசு பசங்களை காலேஜ் சேர எழுதுற எஸ்ஏடி பரிட்சையோட மேத்ஸை எழுத வச்சு, அதுல ரொம்ப மேல வந்தவங்களை வேகமா படிக்க விட்டு பல பத்து வருஷமா பின்தொடர்ந்து பார்த்தாங்க, வேகமா போனது அவங்களை கெடுக்கல, பிற்காலத்துல நல்லாவே பண்ணாங்கன்னுதான் வந்துச்சு. ரெண்டும் மோதுற மாதிரி தெரியும், ஆனா மோதல, ஏன்னா ரெண்டுலயும் இருந்த பிள்ளைங்க வேற வேற. ஒண்ணுல தயாரா இல்லாதவங்களை நிர்வாகம் தூக்கி ஏத்துச்சு, இன்னொண்ணுல ஏற்கனவே ரெண்டு மூணு வருஷம் தாண்டி யோசிச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு வழியை விட்டாங்க. அதனால ஆக்சிலரேஷன் நல்லதா கெட்டதான்னு பொதுவா கேட்டா பதில் வராது, உங்க வீட்டுல உக்காந்திருக்குற அந்த ஒரு பிள்ளையைப் பார்த்துதான் கேக்கணும்.

அதை வீட்டுலயே ஓரளவு பார்க்கலாம், நான் பண்ணதை சொல்றேன். 80 டாலர் சட்டை 25 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் அந்த விலையில 25 சதவீதம் ஏத்துறாங்க, இப்ப என்ன விலைன்னு கேளுங்க. 80-ன்னு சொன்னாலும் பரவாயில்ல, போட்டுப் பார்த்து 75 வந்ததும் ஏன் குறைஞ்சுதுன்னு தானே யோசிச்சு, ரெண்டாவது 25 சதவீதம் 60-க்கு போட்டது, 80-க்கு இல்லன்னு சொல்ற பிள்ளை தயாரா இருக்கு. 3(x−4) = 2x+5 கொடுத்தா 17-ன்னு விடை வர்றது பெரிசில்ல, அந்த 17-ஐ திரும்ப ரெண்டு பக்கமும் வச்சு சரியான்னு தானா பாக்குதா, சமக்குறி எதுக்கு நிக்குதுன்னு சொல்லத் தெரியுதா. பின்னத்தால வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கி பெருக்குறோம், மைனஸ் இன்ட்டு மைனஸ் ஏன் ப்ளஸ், இதுக்கு "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க"ன்னு பதில் வந்தா இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்னு அர்த்தம், பிள்ளை மக்குன்னு அர்த்தம் இல்ல. அதோட ஒரு கஷ்டமான கணக்கு வராம போனா என்ன பண்ணுதுன்னும் பாருங்க, ஒரு இருபது நிமிஷம் அதோட மல்லுக்கட்டுதா, இல்ல ரெண்டாவது நிமிஷமே அழுதுட்டு எந்திரிச்சு போகுதா. ஸ்கூல் வைக்கிற டெஸ்ட்ல இந்த கடைசி விஷயம் வரவே வராது, நமக்குத்தான் தெரியும்.

ரெண்டு வருஷம் முன்னாடி போற பாதை சில பிள்ளைங்களுக்கு நிஜமாவே தேவைப்படும், அதை மறுக்க மாட்டேன். தெரிஞ்சதையே திரும்பத் திரும்ப கேட்டு வருஷம் பூரா கிளாஸ்ல ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குறதும் ஒரு கொடுமைதான், அந்தப் பிள்ளை படிப்புன்னா கஷ்டப்படாமலே வரும்னு பழகிடும், காலேஜ்ல முதல் தடவை அடி வாங்கும். கணித மேதை டெரன்ஸ் டாவோ ஒன்பது வயசுலயே யூனிவர்சிட்டி கணக்கு வகுப்புக்கு போனவர், அப்படி ஒரு பிள்ளையை ஏழாவது மேத்ஸ்ல உக்கார வைக்க முடியாது. ஆனா அவரையே அவங்க அப்பா அம்மா முழு நேர யூனிவர்சிட்டிக்கு அனுப்பினது அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு, 14 வயசு வாக்குல, அந்த இடைவெளியில அகலமா ஆழமா படிக்க விட்டாங்கன்றதை பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. நம்ம பிள்ளைங்களுக்கு நடைமுறை சிக்கலும் இருக்கு. எட்டாவதுல ஜியாமெட்ரின்னா நிறைய மிடில் ஸ்கூல்ல அந்த கிளாஸே இருக்காது, காலையில ஹை ஸ்கூலுக்கு கொண்டு போய் விட்டு முதல் பீரியட் முடிஞ்சதும் திரும்ப கூட்டிட்டு வரணும், இல்லன்னா ஆன்லைன். பதினொண்ணாவதுல கால்குலஸ் முடிஞ்சுட்டா பன்னெண்டாவதுல என்ன? சில ஸ்கூல்ல மல்டிவேரியபிள் கால்குலஸ் இருக்கும், இல்லன்னா கம்யூனிட்டி காலேஜ்ல ட்யூயல் என்ரோல்மென்ட் (ஸ்கூல்ல இருந்துக்கிட்டே காலேஜ் கிளாஸ் எடுக்குறது), இல்லன்னா ஏபி ஸ்டாடிஸ்டிக்ஸ். இது எதுவுமே வசதிப்படலன்னா ஒரு வருஷம் கணக்கே இல்லாம போயி காலேஜ்ல போய் துரு தட்டணும். இந்த பாதையை எடுக்குறவங்க பன்னெண்டாவது வரைக்கும் பேப்பர்ல எழுதிப் பார்த்துட்டு எடுங்க.

சம்மர்ல ஆறு வாரத்துல ஜியாமெட்ரியை முடிச்சுட்டு ஆல்ஜிப்ரா 2-க்கு தாவுறது இப்ப பெரிய ஃபேஷன் ஆயிடுச்சு. இதுல எனக்கு சந்தேகமே இல்ல, வேற வழியே இல்லன்னா ஒழிய வேண்டாம். இங்க ஸ்கூல் பாடத்திட்டத்துல ஒரு விஷயத்தை நிரூபிக்கிறதுன்னா என்னன்னு பொறுமையா சொல்லித் தர்ற கோர்ஸ் அது ஒண்ணுதான், அதைப் போய் ஆறு வாரத்துல விழுங்க வச்சா மிஞ்சுறது ஃபார்முலா மட்டும்தான்.

ரெகுலர்ல விட்டா கதவு மூடிடும்னு பயப்படுறவங்களுக்கு ஒண்ணு. ஒன்பதாவதுல ஆல்ஜிப்ரா 1 எடுத்தவங்களும் பத்தாவதுல ஜியாமெட்ரியும் ஆல்ஜிப்ரா 2-வும் சேர்த்து எடுத்தா பன்னெண்டாவதுல கால்குலஸ் வந்துடலாம், நிறைய ஸ்கூல் அதுக்கு விடுறாங்க, ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாடம்) போகும் அவ்வளவுதான். அதுக்காக எல்லாரையும் அங்கயே நிறுத்தி வைக்கிறதும் சரியில்லன்றதுக்கு சான் ஃபிரான்சிஸ்கோவே சாட்சி. அங்க 2014-ல எட்டாவது ஆல்ஜிப்ராவை எடுத்துட்டு எல்லாருக்கும் ஒன்பதாவதுலன்னு ஆக்குனாங்க, நோக்கம் நல்லதுதான், பின்தங்கின பசங்க ஒதுக்கப்படக் கூடாதுன்னு. ஆனா காசு இருக்குறவங்க வெளியில ஆன்லைன்ல ஆல்ஜிப்ரா வாங்கிக் கொடுத்து தாண்டிட்டாங்க, வசதி இல்லாத வீட்டு கெட்டிக்கார பிள்ளைதான் மாட்டிக்கிச்சு. கடைசியில 2024 மார்ச்ல இதை வாக்குக்கே விட்டாங்க, எட்டாவதுல திரும்ப கொண்டு வாங்கன்னு நூத்துக்கு எண்பது பேருக்கு மேல ஓட்டு போட்டாங்க.

டெக்சாஸ்ல கதை நேர்மாறு. தம்பி ஃபோன்ல சொன்னான், "அக்கா, இங்க நாங்க கேக்கவே இல்ல, அவங்களாவே அட்வான்ஸ்டுல போட்டுட்டாங்க, வேண்டாம்னா நாமதான் எழுதிக் கொடுக்கணுமாம்." 2023-ல அங்க ஒரு சட்டம் வந்துச்சு, அஞ்சாவது மேத்ஸ் பரிட்சையில மேல வர்ற 40 சதவீதம் பசங்களை ஆறாவதுல தானாவே அட்வான்ஸ்டுல சேர்க்கணும், பெத்தவங்க விரும்பலன்னா விலக்கிக்கலாம். எனக்கு இந்த முறை பிடிச்சிருக்கு, ஏன்னா கேக்கத் தெரிஞ்ச அப்பா அம்மாவோட பிள்ளைக்கு மட்டும்னு இல்லாம மார்க் எடுத்த எல்லாருக்கும் கதவு திறக்குது. அதே சமயம் தானா போட்டுட்டாங்கன்னு அப்படியே விட்டுடக் கூடாது, தம்பி பையனுக்கு மேல சொன்ன கேள்வியெல்லாம் கேட்டுப் பார்த்தோம், பின்னத்துல தடுமாறினான், அவங்க விலகல, ஆனா சம்மர் முழுக்க புதுப் பாடம் எதுவும் தொடாம பின்னமும் விகிதமும் மட்டும் உக்காந்து போட வைக்கிறாங்க.

இப்ப நான் சொன்ன அந்த பக்கவாட்டு வழி. ஸ்கூல்ல ஒரு வருஷம் முன்னாடியோ ரெகுலரோ இருந்துட்டு, வெளியில ஸ்கூல் பாதையிலயே இல்லாத கணக்கை படிக்க வைக்கிறது. எண்ணியல், எத்தனை விதமா அடுக்கலாம்னு எண்ணுற கணக்குங்க, நிகழ்தகவு, புதிர் மாதிரி ஜியாமெட்ரி, இதெல்லாம் கால்குலஸ் வரைக்கும் ஓடுற அந்த ஒத்தையடிப் பாதையில கிட்டத்தட்ட வர்றதே இல்ல. ஏஎம்சி 8-ன்ற கணக்குப் போட்டி பரிட்சையில 25 கேள்வி, 40 நிமிஷம், எட்டாவது வரைக்கும் எழுதலாம், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. அதோட கடைசி அஞ்சு கேள்வியைப் பாருங்க, எட்டாவது பாடத்தைத் தாண்டி எதுவும் தேவையில்ல, ஆனா ஏபி கால்குலஸ் முடிச்ச பிள்ளையே திணறும். மேத்கவுன்ட்ஸ்ன்ற மிடில் ஸ்கூல் கணக்குப் போட்டியில டீமா சேர்ந்து போடுவாங்க, நம்ம பொண்ணுங்களுக்கு கூட நாலு கணக்கு பிடிச்ச பொண்ணுங்க கிடைக்கிறது சின்ன விஷயம் இல்ல. செலவும் பண்ணியே ஆகணும்னு இல்ல, கான் அகாடமி இலவசம், ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் இணையதளத்தோட அல்குமஸ் (கணக்கு போட்டு பழகுற பகுதி) இலவசம், பழைய ஏஎம்சி கேள்வித்தாள் எல்லாம் இணையத்துல கிடைக்குது. குமான் மாதிரி ட்யூஷன் இடம் வேற வகை, கை வேகம் வரும், கூட்டல் பெருக்கல் பின்னம் உறுதியாகும், அதுக்கு நல்லது, ஆனா அங்க லெவல் மேல போறதை வச்சு ஸ்கூல்லயும் ரெண்டு கிளாஸ் தாண்டலாம்னு முடிவு பண்ணாதீங்க.

காலேஜ் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதுலதான் வதந்தி அதிகம். இன்ஜினியரிங், சயின்ஸ்னா பன்னெண்டாவது முடியறதுக்குள்ள கால்குலஸ் பார்த்திருக்குறது நல்லது, எம்ஐடி அதை பரிந்துரைக்குது. கால்டெக் 2023-ல, ஸ்கூல்ல கால்குலஸ் கிளாஸ் கிடைக்காதவங்க வேற வழியில தெரியும்னு காட்டலாம்னு தளர்த்துச்சு. ஆனா அதை பத்தாவதுலயே முடிச்சா கூடுதல் சலுகைன்னு எங்கயும் எழுதி இல்ல. கணக்கு ஆசிரியர்களோட தேசிய அமைப்பும் காலேஜ் கணக்கு பேராசிரியர்களோட சங்கமும் சேர்ந்து 2012-லயே சொல்லிட்டாங்க, பள்ளிக் கணக்கோட இலக்கு கால்குலஸுக்கு ஓடிப் போய் சேர்றது இல்ல, காலேஜ்ல எது படிச்சாலும் தாங்குற அடித்தளம்னு. அப்புறம் மார்க் விஷயம் ஒண்ணு கேட்டு வச்சுக்கோங்க. கலிஃபோர்னியாவோட யூசி (மாநில யூனிவர்சிட்டி) அட்மிஷனுக்கு ஏழாவது எட்டாவதுல எடுத்த ஆல்ஜிப்ரா கோர்ஸா கணக்குல வரும், கிரேடு ஜிபிஏல வராது. டெக்சாஸ்ல அது ஹை ஸ்கூல் கிரெடிட், மாநிலப் பரிட்சையும் உண்டு. வர்ஜீனியாவுல மிடில் ஸ்கூல்ல எடுத்த ஹை ஸ்கூல் கோர்ஸ் கிரேடை ட்ரான்ஸ்கிரிப்ட்ல இருந்து எடுத்துடச் சொல்லி பெத்தவங்க கேக்கலாம். ஊருக்கு ஊர் மாறுது, பன்னெண்டு வயசுல வாங்குன ஒரு சி பதினேழு வயசு வரைக்கும் கூட வருமான்னு முதல்லயே தெரிஞ்சுக்கணும்.

என் பொண்ணுக்கு எட்டாவதுல ஆல்ஜிப்ரா 1, அதுவும் சுருக்கி நடத்துற பாதை, தாண்டுற டெஸ்ட் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். சதவீதக் கேள்வியில நல்லா யோசிச்சா, மைனஸ் கேள்விக்கு அவளே எண்கோடு வரைஞ்சு காமிச்சா, ஆனா ஏழாவதுலயே ஆல்ஜிப்ரா வேணுமான்னு கேட்டதுக்கு "எனக்கு ஃப்ரெண்ட்ஸோட போட்டி கணக்கு போடத்தான் பிடிச்சிருக்கு"ன்னா, அதுக்கு மேல நாங்க தள்ளல. உங்க பிள்ளை ராத்திரி தானா எடுத்து வச்சுக்கிட்டு மேல் கிளாஸ் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தா ரெண்டு வருஷப் பாதைக்கு தைரியமா கேளுங்க, ஸ்கூல் முதல் தடவை இல்லன்னு சொன்னாலும் எழுத்துல திரும்ப கேளுங்க. ரெகுலர்ல நிம்மதியா இருக்குன்னா இருக்கட்டும், ஒன்பதாவதுல திரும்ப பார்த்துக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் படிவத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட இதைக் கேட்டு பதிலை ஈமெயில்ல வாங்கிக்கோங்க: இந்த பாதையில எந்தெந்த பாடம் சுருக்கப்படுது, எது விடப்படுது, நடு வருஷத்துல கஷ்டமா இருந்தா கீழ இறங்க எந்த தேதி வரைக்கும் விடுவீங்க, இறங்கினா கிரேடு எப்படி போகும், பன்னெண்டாவதுல இந்த பாதையில வர்ற பிள்ளைக்கு ஸ்கூல்லயே என்ன மேத்ஸ் கிளாஸ் இருக்கும்.